காலி இடம்

மஞ்சக்குப்பத்தில்
பழைய கலெக்டர் ஆபீசுக்கு எதிர்வரிசையில்
ஜெராக்ஸ் எடுக்கிறேன், லேமினேஷன் போடுகிறேன்,
ஊரில் பாதிப்பேருக்குக்
கடவுச்சொல் வைக்கிறேன்.

"நீயே ஏதாச்சும் போட்டுக்குடும்மா" என்பார்கள்.
தேவனாம்பட்டினத்துக்காரருக்கு
அவர் படகின் பெயரைப் போட்டேன்.
பென்ஷனுக்கு வந்த அஞ்சலாட்சியிடம்
மறக்கவே மறக்காத தேதி எது என்று கேட்டேன்.
கெடிலம் வீட்டுக்குள் வந்த தேதியைச் சொன்னார்.
வங்கித் தேர்வு எழுதும் பையன் ஒருவன் மட்டும்
"அக்கா, அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றான்.
திரும்பினேன்.
கண்ணாடி அலமாரியில் அவன் விரல்கள் தெரிந்தன.
பார்க்கவில்லை என்றால் நம்புவீர்களா?

ஓடிபி வந்தால்
தெருவுக்கே கேட்கும்படி வாசிப்பார்கள்,
நாலு, ஒம்போது, ஒம்போது, சைபர்.
பண்ருட்டி பஸ் கண்டக்டருக்கும் தெரியும்.

ஸ்கேன் செய்த எதையும்
தனகோட்டி அண்ணன் அழிக்க விடமாட்டார்.
"திரும்ப வருவாங்க, கெடக்கட்டும்."
கிடந்தார்கள்,
பதினோராயிரத்துச் சொச்சம் பேர்,
பெயர்கூட வைக்காத ஒரு ஃபோல்டரில்
ஆதாரும் சாதிச் சான்றும் இறப்புச் சான்றுமாக.
அந்தக் கணினியின் கடவுச்சொல்லை மட்டும்
ஸ்கெட்ச் பேனாவில் எழுதி
மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருந்தார் அண்ணன்.

ஆடி மாதம், கரண்ட் போன ஒரு மத்தியானம்
அவன் வந்தான்.
"சூர்யகலா வீட்டுக்காரன்.
மெயில் நீங்கதானே ஓப்பன் பண்ணிக் குடுத்தீங்க?
பாஸ்வேர்டு மறந்துட்டாளாம்."
அவள் போன் அவன் கையில் இருந்தது,
மயில் படம் போட்ட உறை.
மேஜைமேல் நான்காய் மடித்த ஐந்நூறு.
மறந்தவள் வரவில்லை.
யுபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது.

எனக்கு ஞாபகம் இருந்தது.
என்னைப் போடச் சொல்லாமல்
அவளே சொன்ன சொல் அது.
ஓர் ஊரின் பெயர்.
"நான் போனதில்லைக்கா" என்று
கேட்காமலே சொல்லிவிட்டுச்
சிரித்தாள் அன்றைக்கு.

"எனக்கும் மறந்துபோச்சுங்க" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான்.
ஐந்நூறை எடுத்துக்கொண்டான்.

அவன் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும்
ஃபோல்டரைத் திறந்தேன்,
எப்போதோ அழித்திருக்க வேண்டிய
ஒரு விண்ணப்பத்தைத் தேடி.
மாற்று எண் என்ற கட்டத்தில்
நெல்லிக்குப்பத்து அக்காவின் நம்பர்.
இவனுக்குத் தராததை
நான் மட்டும் எடுக்கலாமா?
எடுத்தேன்.
"சூர்யகலாவை உடனே மாத்தச் சொல்லுங்க.
அவங்களுக்குப் புரியும்."
"யாரு பேசறது?"
"ஜெராக்ஸ் கடை."

அன்றிரவு எல்லோரையும் தேர்வு செய்தேன்.
நிச்சயமாகவா என்று கேட்டது இயந்திரம்.
அழித்தேன்.
குப்பைக்கூடைக்குள் இருந்தார்கள்.
அதையும் கவிழ்த்தேன்.
பிரிண்டர் ரிப்பேருக்கு வரும் ரஹ்மத்துல்லா சிரித்தான்:
"எல்லாம் உள்ளேதான் இருக்கும்க்கா.
அட்டவணையிலேருந்து பேரைத்தான் எடுத்திருக்கு.
மேல வேற எதையாவது எழுதினாத்தான் போகும்."

எழுதினேன்.
மூன்று ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
காலி இடம் முழுக்கச் சுழி,
சுழிக்குப் பின்னால் சுழி.
மீன் லாரிகள் கிளம்பும் நேரத்தில்
படகின் மேல், வெள்ளத் தேதியின் மேல்,
நீலப் பின்னணியில் கண் சிமிட்டிவிட்ட
எத்தனையோ முகங்களின் மேல்.

அண்ணன் இன்னும் திட்டுகிறார்.
போன மாதம் எடுத்ததையே
திரும்ப எடுக்க வைக்கிறேனாம்.
கண்ணாடி அலமாரியில் எதற்குச்
செய்தித்தாள் ஒட்டினேன் என்றும் கேட்டார்.
வெயில் என்றேன்.

சூர்யகலா அப்புறம் இந்தப் பக்கம் வரவில்லை.
மாற்றிவிட்டாள் என்று வைத்துக்கொள்கிறேன்.
அந்த ஊருக்குப் போயேவிட்டாள் என்றுகூடச்
சில நாள் வைத்துக்கொள்வேன்.

எந்த ஊர் என்கிறீர்களா?
மறந்துபோச்சு என்று
முன்னமே சொன்னேனே.